காஸ் லைட்டின் அடியில்: அரண்மனைச் சுவரும் ஒலி ஒளிக் காட்சியும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்குத் தலைப்பு என்ன என்று அமைப்பாளர்கள் கேட்டபோது, ஒலி ஒளிக் காட்சி பற்றிப் பேசுகிறேன் என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு தோழர், "அது சுற்றுலாத் துறைக்காரங்க பேசுறதாச்சே அண்ணே" என்றார். அவர் சொன்னது சரிதான். சரியாக இருப்பதுதான் நம் பிரச்சினை. பழைய கட்டடத்தின் சுவரில் விளக்கடித்து ஊருக்கு வரலாறு சொல்கிற வேலையைச் சுற்றுலாவுக்கு விட்டுவிட்டு, நாம் கருத்தரங்குகளில் ஐம்பது பேருக்கு வரலாறு சொல்லிக்கொண்டிருக்கிறோம். அங்கே ஒரு மாலைக்கு அதைவிடக் கூட்டம் சேருகிறது.

நான் சேத்தூர்க்காரன். பழைய நூல்களில் சேற்றூர் என்று இருக்கும். பஸ் போர்டில் சேத்தூர். பாளையமாக இருந்து ஜமீனான ஊர். சேற்றூர் சமஸ்தானப் புலவர் என்றே பெயர் பெற்ற மு.ரா. அருணாசலக் கவிராயர் போன்றவர்களை ஆதரித்த ஜமீன். அதனால் எங்கள் ஊர் ஜமீன்தார்களுக்கு வரலாறும் உண்டு, செய்யுளும் உண்டு. ஜமீன் வயலில் நாற்று நட்டவர்களைப் பற்றிய ஏடு எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் படித்தபோது எங்களைச் சுற்றுலா என்று மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். மீனாட்சியம்மன் கோயில், காந்தி அருங்காட்சியகம், இருட்டியபிறகு திருமலை நாயக்கர் மகால். முற்றத்தில் உட்கார வைத்தார்கள். விளக்குகள் அணைந்தன. எங்கிருந்தோ ஒரு கனத்த ஆண்குரல் பேச ஆரம்பித்தது. நடிகர் என்று ஒருவரும் வரவில்லை. ராஜா பேசினால் ஒரு தூணில் மஞ்சள் வெளிச்சம். வேறொருவர் பதில் சொன்னால் எதிர்த் தூணில் நீலம். குதிரைக் குளம்புச் சத்தம் இடமிருந்து வலமாகப் போக, வெளிச்சமும் கூடவே தூண் தூணாக ஓடியது. என் பக்கத்தில் இருந்தவன் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அந்த ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அத்தனை பிடித்திருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காத ஒன்றை விமர்சிப்பதில் என்ன இருக்கிறது?

இந்தக் கலை வடிவம் பிரான்சில் பிறந்தது. 1952இல் ஷாம்போர் என்ற அரண்மனையில் முதல் காட்சியை நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஏழு வருடம். அரசர்கள் போய்ப் பல காலம் ஆன நாட்டில், அரசர்களின் மாளிகைகள் சம்பாதித்துக் கொடுக்கும் சொத்துகளாக மாறிய நேரம். தில்லி செங்கோட்டைக்கு 1965இல் வந்தது. மதுரை மகாலில் 1981இல். அதே ஆண்டு ஜனவரியில்தான் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடும் மதுரையில் நடந்தது. மகால் காட்சியின் கதை திருமலை நாயக்கரின் வாழ்வும் சிலப்பதிகாரமும். இந்தச் சேர்க்கையைக் கவனியுங்கள். கட்டடம் பதினேழாம் நூற்றாண்டில் கட்டியது, 1636 என்பது பொதுவாகச் சொல்லும் ஆண்டு. சிலப்பதிகாரமோ அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தது. கோவலன் கண்ணகி கதைக்கும் இந்தத் தூண்களுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு உறுத்துவதில்லை. சுவரில் விழும் வெளிச்சத்துக்கு அந்தச் சக்தி உண்டு. எந்தக் கதையை அடித்தாலும் அது அந்தச் சுவரின் சொந்தக் கதை ஆகிவிடும்.

கண்ணகி மதுரையை எரிக்கும் இடத்தில் செந்நிறம் பரவும். காப்பியத்தில் அந்தத் தீக்கு ஒரு கட்டளை இருக்கிறது. யாரையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று கண்ணகி சொல்கிறாள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள். பட்டியல் பார்ப்பாரில்தான் தொடங்குகிறது. அந்த ஊரில் தோல் பதனிட்டவர்களும் பிணம் சுட்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் பட்டியலில் இல்லை. தீயவர் பக்கம் போ என்கிறாள் தீயிடம். யார் தீயவர் என்று தீ எப்படிக் கண்டுபிடித்திருக்கும்? இந்தக் கேள்வி அன்றைக்கு எனக்கு வரவில்லை. பல வருடம் கழித்து, கீழ்வெண்மணியைப் படித்த பிறகு வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சுவரைப் பார்ப்போம். இன்று நாம் காணும் மகால் பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான், கால்வாசி என்பார்கள். சொர்க்க விலாசம் நிற்கிறது, ரங்க விலாசம் போய்விட்டது. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இதைப் பெயர்த்துக் கொண்டுபோனார் என்பது வழக்கு. அப்பன் கட்டியதைப் பிள்ளை இடிப்பது அரண்மனைகளில் சகஜம். சேரியில் அப்படி இல்லை. ஒரு சுவர் எழுப்ப மூன்று தலைமுறை ஆகும்போது யாருக்கு இடிக்க மனம் வரும்? மிச்சமிருந்ததை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்க வைத்தார். அதன்பின் அது நீதிமன்றம் ஆனது. 1970 வரை கோர்ட்டு அங்கேதான் நடந்தது.

இந்தத் தூண்கள் கருங்கல் அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேல்பூச்செல்லாம் செங்கலின் மேல் பூசிய சுண்ணாம்புக் காரை. கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு; முட்டை வெள்ளைக்கரு கலந்து பளிங்குபோல் வழவழப்பாக்கியது என்பார்கள். அந்த வெள்ளைதான் விளக்குக்காரர்களுக்குப் பிடித்தது. கருங்கல் வெளிச்சத்தைக் குடித்துவிடும். சுண்ணாம்பு திருப்பித் தரும். இன்று 'ப்ரொஜெக்ஷன் மேப்பிங்' என்கிறார்கள்: கட்டடத்தை லேசரால் அளந்து, ஒவ்வொரு வளைவும் தூணும் கம்ப்யூட்டரில் எங்கே இருக்கிறது என்று வரைந்து, படம் தூணுக்கு வெளியே சிந்தாமல் வெட்டி, இரண்டு மூன்று ப்ரொஜெக்டர்களின் படத்தை ஒட்டுத் தெரியாமல் இணைக்கிறார்கள். தூண் இடிவதுபோலக் காட்டலாம், கொடி படர்வதுபோலக் காட்டலாம். எல்லாம் நடப்பது சுண்ணாம்பை அரைத்துத் தேய்த்த கையின் தயவில். அந்தக் கை யாருடையது? செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆனது என்று மதுரையில் எல்லோரும் சொல்வார்கள். தோண்டும்போது பெரிய பிள்ளையார் கிடைத்ததாகவும், அவரே முக்குறுணி விநாயகர் என்றும் சொல்வார்கள். பூமிக்குள் இருந்து வந்த பிள்ளையாருக்குப் பெயர் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவருக்கு இல்லை.

ஆவணமே இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. திருமலை நாயக்கர் ஆண்ட அதே காலத்தில்தான் மதுரை மிஷன் சேசு சபையினர் ஐரோப்பாவுக்கு ஆண்டுதோறும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் தெ நொபிலி பிராமணச் சந்நியாசி வேடத்தில் இருந்தார். அவரால் தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக முடியாது. பழகினால் உயர்சாதிக்காரர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்ற கணக்கு. அதனால் 1640இல் பல்தசார் த கோஸ்தா பண்டாரச் சாமியாக வேறு உடை போட்டுக்கொண்டு பறையர் உள்ளிட்ட மக்களிடம் போனார். ஒரே சபைக்குள் இரண்டு வேடம், இரண்டு வாசல். அந்தக் கடிதங்களைப் பாதிரிமாரின் கண்ணோட்டம் என்று நாம் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டும். ஆனாலும் அரண்மனை எழும்பிய அந்தப் பத்தாண்டுகளில் மதுரை நாட்டுச் சேரிகளில் மனிதர்கள் இருந்தார்கள், கேள்வி கேட்டார்கள், மதம் மாறலாமா என்று யோசித்தார்கள் என்பதற்கு அவை சாட்சி. ஒலி ஒளிக் காட்சிக்கு வசனம் எழுதுகிறவர் வேண்டுமென்றால் எடுத்திருக்கலாம்.

கோர்ட்டு நடந்த காலத்தையும் எடுத்திருக்கலாம். 1939 ஜூலை 8 அன்று, மகாலிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில், வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட ஒரு சிறு குழு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனது. அப்போது அரண்மனைக்குள் கறுப்புக் கோட்டுகள் வாதாடிக்கொண்டிருந்தன. உள்ளே போனவர்கள்மீதும் அனுமதித்தவர்கள்மீதும் வழக்குப் பாயாமல் இருக்க அதே ஆண்டு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நாயக்கர் வாழ்ந்த ஆண்டுகளைவிடக் கோர்ட்டு நடந்த ஆண்டுகள் அந்தக் கட்டடத்துக்கு அதிகம். ராஜா இருந்த காலம் மட்டும் அதன் வரலாறு ஆனது எப்படி?

இங்கே என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் காஸ் லைட் தூக்கினவர். இளைய தோழர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கு. அடியில் மண்ணெண்ணெய்த் தொட்டி, நடுவில் மேண்டில், சுற்றிலும் கண்ணாடி. ஸ்பிரிட் ஊற்றிச் சூடு காட்டி, பம்ப் அடித்தால் உஸ்ஸென்று இரைந்துகொண்டு வெள்ளையாக எரியும். கல்யாண ஊர்வலம், சாமி புறப்பாடு, ஜமீன் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் கடைக்காரரிடம் வாடகைக்கு எடுப்பார்கள். தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் விளக்கை வைத்துக்கொண்டு ஊர்வலத்தின் இரண்டு பக்கமும் எங்கள் ஆட்கள் நடப்பார்கள். மேண்டில் என்பது ஒருமுறை எரிந்தபின் வெறும் சாம்பல் வலை. தலை லேசாக ஆடினாலும் உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் கூலியில் பிடிப்பார்கள். அதனால் கழுத்தை ஆட்டாமல், சூட்டைப் பொறுத்துக்கொண்டு, கல்லோ முள்ளோ காலடியில் பார்க்க முடியாமல் நடக்க வேண்டும். மாப்பிள்ளை முகம் தெரியும், மேளக்காரர் முகம் தெரியும், குதிரையின் முகம்கூடத் தெரியும். தூக்கியவர் முகம் தெரியாது. தொட்டியின் நிழல் நேரே கீழே விழும். எங்கள் ஊரில் ஒரு பெரிய வீட்டில் பழைய ஊர்வலப் புகைப்படம் ஒன்று மாட்டியிருந்தது. அதன் வலது ஓரத்தில் ஒரு விளக்கும் அதைப் பிடித்த ஒரு கையும் மட்டும் இருக்கும். முழங்கைக்குக் கீழே படம் முடிந்துவிடும்.

விளக்குக்கு நம்மிடம் வேறொரு வரலாறும் இருக்கிறது. 1907 முதல் 'தமிழன்' பத்திரிகை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் தீபாவளியையும் கார்த்திகைத் தீபத்தையும் புராணக் கொலைக் கதைகளிலிருந்து பிரித்து எடுத்தார். எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டறிந்ததை ஒரு பண்டிகையோடும் ஆமணக்கு நெய்யை இன்னொன்றோடும் சேர்த்து விளக்கினார். அவர் தரும் சொல்லாராய்ச்சியை இன்றைய மொழியியலாளர் அப்படியே ஏற்க மாட்டார்கள், நானும் முழுக்க ஏற்கவில்லை. ஆனால் அவர் செய்த வேலை என்ன என்று பாருங்கள். ஒளி என்பது அசுரனைக் கொன்றதால் வந்ததல்ல, எண்ணெய் ஆட்டத் தெரிந்த பௌத்தர்களின் அறிவால் வந்தது என்கிறார். செக்கையும் திரியையும் வரலாற்றின் நடுவில் வைக்கிறார். நூறு வருடம் ஆகிவிட்டது. இன்னும் நாம் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

ஒரு பொருளின் மேல் ஒரு பெயர் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1997. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய போக்குவரத்துக் கழகம் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைப்பதாக அரசு முடிவு செய்தது. கவர்னகிரிக்காரர், கட்டபொம்மனின் தளபதி, 1799இல் மாண்டவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதி கலவரத்தில் எரிந்தது. கடைசியில் அரசு என்ன செய்தது? அந்த ஜூலையில் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டது. பாண்டியன், சேரன், சோழன், பல்லவன் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயரும் போனது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது. ஒரு பள்ளரின் பெயரைப் பஸ்ஸில் தாங்க முடியாமல் மூவேந்தர்களையும் இறக்கிவிட்ட நிகழ்வு உலக வரலாற்றில் வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை. தகரத்தின் மேல் பெயிண்டில் எழுதும் நாலு சொல்லுக்கு உயிர்கள் போயின. இதைக் கண்ணால் பார்த்தவன், சுவரில் என்ன வெளிச்சம் அடிக்கிறார்கள் என்பதைப் பொழுதுபோக்கு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வெளிச்சத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. பெயிண்ட் வேண்டாம், ஆணி வேண்டாம், கட்டடத்தைத் தொடவே வேண்டாம். இதைப் போராட்டக்காரர்கள் முன்பே கண்டுகொண்டார்கள். 1985இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் போலந்துக் கலைஞர் கிறிஸ்டோஃப் வொடிச்கோ அனுமதி வாங்கி நெல்சன் தூணில் படம் அடித்துக்கொண்டிருந்தார். நிறவெறி அரசு நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவின் தூதரகம் அதே சதுக்கத்தில் இருந்தது. ஒரு ப்ரொஜெக்டரை அந்தப் பக்கம் திருப்பி, தூதரக முகப்பின் நெற்றியில் நாஜிகளின் ஸ்வஸ்திகாவை அடித்தார். போலீஸ் வந்து நிறுத்தும்வரை சுமார் இரண்டு மணி நேரம் அது அங்கே இருந்தது. கட்டடத்துக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அதைப் பார்த்தவர்களுக்கு அது பழைய கட்டடமாகத் திரும்பியிருக்காது.

2020இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் இன்னும் பெரிதாக நடந்தது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் தளபதி ராபர்ட் லீக்கு 1890இல் எழுப்பிய பிரமாண்டமான சிலை. ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டபின், டஸ்டின் க்ளைன், அலெக்ஸ் க்ரிக்கி என்ற இரண்டு கலைஞர்கள் இரவுதோறும் அந்தச் சிலையின் பீடத்திலும் குதிரையிலும் ஃப்ளாய்டின் முகத்தை அடித்தார்கள். அடிமையாகப் பிறந்து எழுத்தாளரான ஃப்ரெடரிக் டக்ளஸின் முகத்தை அடித்தார்கள். தளபதியின் உடம்பையே திரையாக்கினார்கள். 2021 செப்டம்பரில் சிலையை அகற்றினார்கள். விளக்கடித்ததால் சிலை விழுந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தெருவில் நின்ற மக்களால் விழுந்தது. ஆனால் விழுவதற்கு முன்பே அது இன்னொருவரின் சிலையாக மாறியிருந்தது.

உடனே நாமும் ப்ரொஜெக்டர் வாங்குவோம் என்று கிளம்புவதற்கு முன் ஜாலியன்வாலா பாக்கையும் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் அந்தத் திடலைப் புதுப்பித்துத் திறந்தார்கள். தினமும் ஒலி ஒளிக் காட்சி. மக்கள் உள்ளே நுழைந்து தப்பிக்க முடியாமல் மாட்டிக்கொண்ட அந்தக் குறுகலான சந்தின் சுவர்களில் சிற்பங்கள். அந்தப் படுகொலையைப் பற்றி நூல் எழுதிய கிம் வாக்னர் உட்படப் பல வரலாற்றாசிரியர்கள் எதிர்த்தார்கள். துக்கம் இருந்த இடத்தில் காட்சி வந்துவிட்டது என்றார்கள். எனக்கும் அதே பயம் உண்டு. நாளைக்கு யாராவது கீழ்வெண்மணியில் ஒலி ஒளிக் காட்சி வைக்கலாம் என்று நல்ல எண்ணத்தோடே யோசனை சொல்லக்கூடும். 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் 44 பேர். அங்கே செந்நிற விளக்கைப் போடுவாயா? மகாலில் கண்ணகியின் நெருப்புக்குப் போட்ட அதே சிவப்பு பல்பு, ஸ்பீக்கரில் நெருப்பு சடசடக்கும் சத்தம். நான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். பெயர்களை மட்டும் வெள்ளை எழுத்தில், ஒவ்வொன்றாக, சத்தமே இல்லாமல் சுவரில் நிறுத்தலாம். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு பெண் குரல் வாசிக்கலாம். அதற்கு மேல் அங்கே எதுவும் வேண்டாம்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். மதுரையில் மட்டுமல்ல, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அரசுச் சின்னத்தில் உள்ள கோபுரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கட்டடம். அதிலும் ஒரு காலத்தில் கோர்ட்டு நடந்தது. இன்று இல்லாவிட்டால் நாளை அங்கேயும் விளக்கடிக்க யாராவது டெண்டர் விடுவார்கள். ஆண்டாள், நாயக்கர், தேர், கோபுரம் என்று வசனம் தானாக வந்துவிடும். அதில் எதையும் எடுத்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கூட என்ன சேர்க்க வேண்டும் என்று நம்மிடம் யாராவது கேட்டால், கையில் எழுதி வைத்த தாள் இருக்க வேண்டும். அதுதான் நான் கேட்பது.

அந்தத் தாளில் சுண்ணாம்பு அரைத்தவர்கள் வர வேண்டும். வழக்குக்காக நடந்துவந்து வாசலில் காத்திருந்த குடியானவர்கள் வர வேண்டும். 1997இல் ஓடாமல் போன பஸ் வர வேண்டும், அந்தச் சுவரில் ஒரு நிமிடமாவது அந்தப் பெயரோடு ஓட வேண்டும். ராஜபாளையம் பஞ்சாலைகளில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு விடியற்காலையில் குழல் விளக்கு வெளிச்சத்திலிருந்து வெளியே வந்து கண்ணைக் கசக்கும் பெண்கள் வர வேண்டும். வரலாறு என்றால் பழசு மட்டும்தான் என்று வாதிடுவார்கள். மகாலில் ஆயிரம் வருட வித்தியாசத்தைத் தாண்டிக் கண்ணகி வரலாம் என்றால், நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற இவர்கள் வரக் கூடாதா?

தாளை நிரப்புவது நூலகத்தில் நடக்கும் வேலை இல்லை. மாணவ நண்பர்கள் பேனாவை விடுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். சேத்தூர்ப் பக்கம் காஸ் லைட் தூக்கியவர்களில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். காலையில் போனால் வேலிக்காத்தான் வெட்டப் போய்விடுவார்கள், சாயங்காலம் போங்கள். விளக்கைப் பற்ற வைப்பது எப்படி என்று கேட்டு ஆரம்பியுங்கள். வாடகை, கூலி, எந்தத் தெருவுக்குள் செருப்பில்லாமல் நடந்தார்கள் என்பதெல்லாம் தானாக வரும். ஒருவருக்குக் காது சரியாகக் கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும்.